மாமியின் அலுமாரியும் ஒரு கிற்றாரும்

“இது இன்னும் தன்ன மரம் எண்டுதான் நினைச்சிக்கிட்டு இரிக்கு, தம்பி” என்று சொல்லிப் பலகையைத் திருப்பிக் கொடுத்தார் கிற்றார் செய்யும் எல்மோ.

விஜிதரன் பலகையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். ஆரையம்பதியிலிருந்து அந்தப் பலகையை மோட்டார் சைக்கிளில் குறுக்காகக் கட்டி வந்திருந்தான். கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று அதைக் கப்பற்பாய் என்று நினைத்துக்கொண்டது. பாதி ஓட்டமும் பாதி மிதப்புமாகத்தான் பட்டறைக்கு வந்து சேர்ந்தான்.

“நல்ல பலா அண்ணன். மரக்காலைக்காரன் சத்தியம் பண்ணித் தந்தவன்.”

“அவன்ட சத்தியம் காஞ்சிரிக்கும். பலகை காயல்ல.” எல்மோ விரலை மடித்துப் பலகையில் தட்டினார். “கேளுங்க. டொப். இது பலகைட சத்தமா? அரிசி மூட்டைட சத்தம். கிற்றாருக்குப் பின்பலகை எண்டால் தட்டினாப் பேச வேணும். ஒரு வீட்டுக்குள்ள அம்பது வரிசம் சும்மா நிண்டு, அந்த வீட்டுச் சண்டையெல்லாம் கேட்டுக் காஞ்ச பலகையாக் கொண்டுவாங்க.”

“அதுக்கு நான் எங்க போற?”

“வீட்டுக்குப் போங்க. தட்டிப் பாருங்க.”

எல்மோ கிற்றார் செய்வதில் ஒரு சட்டம் வைத்திருந்தார். முன்பலகை அவருடையது, உடைந்த பியானோக்களிலிருந்து கழற்றிச் சேர்த்து வைத்திருந்தார். பக்கப் பலகையும் கழுத்தும் அவருடையவை. பின்பலகை மட்டும் வாடிக்கையாளன் தேடிக் கொண்டுவர வேண்டும். “எல்லாத்தையும் நானே தந்தா, நாலு நாள் வாசிச்சுப்போட்டு மூலைக்குள்ள வச்சிருவாங்க. சொந்தப் பலகை எண்டா மனிசன் மறக்கமாட்டான்” என்பார்.

சொந்தப் பலகைதான் விஜிதரனின் பிரச்சினை. அவனுக்குச் சொந்தமாக எதுவும் இல்லை. கதிரவெளியில் பிறந்து, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராகி, ஊர் வழக்கப்படி கலியாணத்தோடு பெண்சாதி வீட்டுக்கு ஒரு சூட்கேசுடன் வந்தவன். வீடு கோசலாவுக்குச் சீதனம். கட்டில் கோசலாவின் கட்டில். கிணறு கோசலாவின் கிணறு. ஒருநாள் தேநீர்க் கோப்பையின் அடியைத் திருப்பிப் பார்த்தான். அதிலும் கோசலாவின் பெயர் நகப்பூச்சால் எழுதியிருந்தது. தனக்கென்று ஒரு பொருள், அதுவும் தான் கீறிய அளவில், தன் கைக்கென்றே செய்த ஒரு கிற்றார் வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தான். படத்தை அவனே கீறினான். மில்லிமீற்றர் பிசகாத படம்.

வீட்டுக்குப் போய்த் தட்டத் தொடங்கினான். கதவைத் தட்டினான். சன்னலைத் தட்டினான். மேசைக்கு அடியில் படுத்துக் கிடந்து தட்டினான்.

“என்ன மருமகன், அங்க தட்டுறீங்க?” மாமியார் கண்ணகை குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“கறையான், மாமி. எங்கயும் இரிக்கா எண்டு பாக்கிறன்.”

அந்த ஒரு பொய்யில்தான் எல்லாம் தொடங்கியது.

“கறையானா!” என்றார் முன் விறாந்தையில் கரம்போட் விளையாடிக்கொண்டிருந்த மாமனார் சாமித்தம்பி. அந்தக் கரம்போட் அவரே செய்தது. கடையில் விற்பதைவிட ஒரு சாண் சின்னது. ஏன் என்று கேட்டால், “பலகை அவ்வளவுதான் கிடைச்சிது” என்பார். சின்னப் பலகையில் பழகாத ஊர்க்காரர்கள் எல்லாரும் அவரிடம் தோற்றார்கள்.

“அப்ப அந்த அலுமாரியையும் ஒருக்காப் பாருங்க மருமகன்” என்றார் கண்ணகை. “என்ட அம்மாட சீதனம் அது.”

“அலுமாரில ஒண்டுமில்ல!” சாமித்தம்பி அடித்த காய் பலகையைத் தாண்டி முற்றத்துக்குப் போனது. “அத ஆரும் அசைக்கப்படாது. அசைச்சா விழுந்திரும்.”

அலுமாரி நடு அறையில் சுவரோடு ஒட்டி நின்றது. எப்போதும் பூட்டுத்தான். திறப்பு மாமியின் சீலைத் தலைப்பில். மகள்மார் இரண்டு பேருக்கும்கூடக் கிடையாது. விஜிதரன் போய், சுவர்ப் பக்கமாகக் கையை விட்டுப் பின்பலகையில் தட்டினான்.

அது பேசியது.

வைகாசி மாதம் அம்மன் கோயில் சடங்குக்கு வீடே போனது. விஜிதரனுக்கு மட்டும் வயிற்றுக்குத்து வந்தது. ஆட்கள் தெருமுனை தாண்டியதும் அலுமாரியை ஒரு முழம் முன்னுக்கு இழுத்து, பின்பலகையைக் கழற்றினான். ஒட்டே இல்லாத ஒரே பலாப் பலகை. உள்ளே மாமியின் கூறைச்சீலை ஒரு ஹெங்கரில் தொங்கியது. மற்றச் சீலைகள் கீழே ஒரு பிரம்புக் கூடையில் கிடந்தன. நடுத்தட்டு இருக்க வேண்டிய இடத்தில் அதைத் தாங்கும் சட்டங்கள் மட்டும் இருந்தன. அடியில் பலகைக்குப் பதிலாகத் தகரம் அடித்திருந்தது. படவரைஞனின் கண்ணுக்கு அது கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. பழைய காலத்து வேலை இப்படித்தான் போல என்று நினைத்து, பலகை போன இடத்தில் வாங்கி வைத்திருந்த பிளைவூட்டை அடித்து, அலுமாரியைச் சுவரோடு தள்ளிவிட்டான்.

எல்மோ பலகையைத் தட்டினார். கண்ணை மூடினார். இன்னொரு முறை தட்டினார்.

“ஜேசுவே! இது பேசல்ல தம்பி, வழக்குப் பேசுது. நல்லா வாய் காட்டுற வீட்டுப் பலகை. ஆர்ர வீட்டுது?”

“எங்கட வீட்டுதுதான்.”

“சந்தோசமாத் தந்தாங்களா?”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல” என்றான் விஜிதரன். அது உண்மைதான்.

வீட்டில் புது வில்லங்கம் காத்திருந்தது. பிளைவூட் வெள்ளையாக இருந்தது. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த விரற்கடை இடைவெளியில், விளக்கைப் போட்டால் பல்லைக் காட்டியது. சாயத் தேநீர் பூசினால் பழுப்பாகும் என்று எங்கோ வாசித்த ஞாபகம். பிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீரை ஒரு துணியில் நனைத்து, ஈர்க்கிலில் சுற்றி, எட்டிய மட்டும் பூசினான்.

அது சீனி போட்ட தேநீர்.

மறுநாள் காலை குசினியிலிருந்து நடு அறைக்கு எறும்பு ஊர்வலம் போனது.

“கறையான் போய் எறும்பு வந்திட்டு” என்றார் கண்ணகை. அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்படாததுதான் விஜிதரனைப் பயமுறுத்தியது. எறும்புக்குப் பூச்சி உருண்டை போட்டான். கொஞ்சம் போட்டால் போதுமோ என்ற சந்தேகத்தில் பை முழுவதையும் கொட்டினான். அன்று பின்னேரம் வீடு முழுக்கத் தும்மியது. கோசலா சோற்றுக் கோப்பையோடு முற்றத்துக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

“என்னங்க இது, ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது?”

“கறையான் மருந்து.”

“நாளைக்கு அலுமாரிய இழுத்துப்போட்டுக் கழுவுவமே” என்றார் கண்ணகை.

“ஏலா!” என்று இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன. ஒன்று விஜிதரனுடையது. மற்றது சாமித்தம்பியுடையது.

விஜிதரன் மாமனாரைப் பார்த்தான். மாமனார் கரம்போட்டைப் பார்த்தார். இவருக்குத் தெரிந்துவிட்டது என்று விஜிதரன் தீர்மானித்தான். தெரிந்தும் மருமகனைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறார், என்ன மனிதர்! அன்றிலிருந்து அவரோடு விளையாடும்போதெல்லாம் வேண்டுமென்றே தோற்றான்.

ஆவணியில் கோசலாவின் தங்கை நிறோஜினிக்குக் கலியாணம் பொருந்தியது. களுவாஞ்சிக்குடி மாப்பிள்ளை, கிருபைராசா என்று பெயர். அதிகம் பேசாத பிள்ளை. நிறோஜினிக்கு அடுத்த வளவில் வீடு கட்டிப் பூச்சும் முடிந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கண்ணகை ஒரு செய்தி சொன்னார்.

“அலுமாரிய நிறோக்குக் குடுக்கப்போறன். மாப்பிள்ள வீட்டார் வீடு பாக்க வாற அண்டைக்கு, அவங்க கண்ணுக்கு முன்னால தூக்கிக் கொண்டுபோய் வைப்பம்.”

விஜிதரன் பிசைந்த சோற்றை மறுபடியும் பிசைந்தான். சாமித்தம்பிக்குப் புரையேறியது.

“காத்தான்குடில நல்ல இரும்பு அலுமாரி வந்திரிக்கு மாமி. கண்ணாடியும் வச்சது” என்றான் விஜிதரன்.

“மருமகன் சொல்றது சரி. கண்ணாடி வச்சது” என்றார் சாமித்தம்பி. “இது பழசு. எடுத்த இடத்திலயே… இல்ல, வச்ச இடத்திலயே நிக்கட்டும்.”

“எனக்கு அம்மாட அலுமாரிதான் வேணும்” என்றாள் நிறோஜினி.

“மறுகா என்ன கதை? அதுதான் முடிவு” என்றார் கண்ணகை.

மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் அலுமாரி திரும்பும். சீனி மணக்கும் பிளைவூட் வெளியே தெரியும். மாமியாரின் சீதனத்தைக் கழற்றி விளையாட்டுச் சாமான் செய்தவன் என்ற பெயர் களுவாஞ்சிக்குடிக்குப் போகும். அங்கிருந்து கதிரவெளிக்கு எவ்வளவு நேரம்? விஜிதரன் எல்மோவிடம் ஓடினான்.

“அண்ணன், அந்தப் பலகையத் திருப்பித் தாங்க.”

“எந்தப் பலகை?” எல்மோ ஒரு துணியை விலக்கினார். கிற்றார் பளபளத்துக்கொண்டு நின்றது. பின்புறம் தேன் நிறத்தில் ஒட்டில்லாத ஒரே பலா. விஜிதரன் ஒரு கணம் எதற்காக வந்தோம் என்பதை மறந்தான். கையில் எடுத்தான். கழுத்து அவன் கைக்கு வந்து உட்கார்ந்தது. ஒரு கம்பியை மீட்டினான். நெஞ்சுக்குள்ளே ஏதோ கழன்று விழுந்தது.

“மிச்சப் பலகைய வச்சிரிக்கன்” என்றார் எல்மோ. “ஆர்ர மரத்தையும் நான் வீணாக்கிறல்ல.”

மிச்சம் சுவரில் சாய்ந்திருந்தது. அலுமாரியின் முழுப் பின்பலகை. நடுவில் கிற்றார் வடிவத்தில், மில்லிமீற்றர் பிசகாத ஓர் ஓட்டை.

அதையாவது கொண்டுபோவோம் என்று ஓட்டோ பிடித்தான். பலகை உள்ளே நுழையவில்லை. வெளியே பிடித்தால் காற்று இழுத்தது. கடைசியில் ஓட்டோக்காரன் றுஸ்திதான் வழி சொன்னான்.

“சேர், தலைய அந்த ஓட்டைக்குள்ளால போடுங்க. பலகை எங்கயும் போகாது.”

அப்படியே போனார்கள். பாலத்தில் ஒரு பள்ளிக்கூட வான் கடந்தபோது பிள்ளைகள் எல்லாரும் கை காட்டினார்கள். விஜிதரனும் வேறு வழியில்லாமல் காட்டினான்.

காத்தான்குடி பிரதான வீதியில் நெரிசல். ஓட்டோ ஒரு மரக்கடைக்கு முன்னால் நின்றது. கடை வாசலில் ஒருவர் இரண்டு கைகளையும் அகல விரித்து, கடைக்காரருக்கு ஏதோ நீளம் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பினார். சாமித்தம்பி.

கிற்றார் வடிவ ஓட்டைக்குள்ளிருந்து மருமகனின் தலை மாமனாரைப் பார்த்தது. மாமனார் விரித்த கைகளை மடக்க மறந்து நின்றார்.

“என்ன மாமா, இஞ்ச?”

“சும்மா. மீன் வாங்க.” கைகளைப் பார்த்தார். “பெரிய மீன். நீங்க?”

“நானும் சும்மா, மாமா.”

“ஆ.”

ஓட்டோ நகர்ந்தது. அந்தப் பலகை என்ன, உன் தலை ஏன் அதற்குள் இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. இப்படிப்பட்ட மாமனார் எத்தனை பேருக்குக் கிடைப்பார் என்று விஜிதரன் கண்கலங்கினான்.

பலகையைக் கொட்டிலில் வைக்கோலுக்குள் ஒளித்துவிட்டு எல்மோவுக்கு அழைத்தான்.

“பலகை வந்திட்டு. ஓட்டைய எதால அடைக்கிற?”

தொலைபேசியில் எல்மோ சீவுளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“தம்பி, அந்த ஓட்டைக்குச் சரியான பலகை உலகத்திலயே ஒண்டுதான் இரிக்கு.”

வீடு பார்க்கும் நாள் காலையில் பெண்கள் பூ வாங்கப் போன இடைவெளியில் எல்மோ கிற்றாரோடு வந்தார். அலுமாரியை இழுத்தார்கள். பிளைவூட்டின் ஆணிகள் ஏற்கெனவே தளர்ந்திருந்தன. கழற்றிப் பார்த்தால், வைகாசியில் இல்லாத நடுத்தட்டு ஒன்று இப்போது இருந்தது! விஜிதரன் கண்ணைக் கசக்கினான்.

“இது முந்தி இருக்கல்ல அண்ணன்.”

“பயத்தில மனிசனுக்கு எல்லாம் தெரியும். கெதியாப் பிடிங்க.”

தட்டுக்குப் பின்னால் கிற்றார் நுழைய இடம் இருந்தது. ஓட்டைப் பலகையை அடித்து, அதற்குள் கிற்றாரை வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பலகையில் மெல்லிய ஒரு கோடு மட்டுமே தெரிந்தது.

“கம்பிகளக் கழட்டுவமா?”

“கம்பியக் கழட்டினா என்ட வேலைக்கு மரியாதை இல்ல” என்றார் எல்மோ. “அது நாதத்தோட போகட்டும்.”

மாப்பிள்ளை வீட்டார் வந்து, பலகாரம் தின்று, முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்மோவும் ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டார். கரம்போட் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

“எங்க சாமித்தம்பி அண்ணன்ட பலகை?” என்று ஒருவர் கேட்டார்.

“கறையான்” என்றார் சாமித்தம்பி.

தூக்க நான்கு இளைஞர்கள் வந்தார்கள். “உள்ளுக்குள்ள சாமான வெளிய எடுப்பமா மாமி?” என்று ஒருவன் கேட்டான்.

“திறக்கத் தேவையில்ல. அப்பிடியே தூக்குங்க” என்றார் கண்ணகை.

விஜிதரன் பெருமூச்சு விட்டான். பக்கத்தில் இன்னொரு பெருமூச்சுக் கேட்டது.

தூக்கினார்கள். முதல் அடி வைத்தார்கள்.

‘ட்ரங்’ என்றது அலுமாரி.

நின்றார்கள். அதுவும் நின்றது. நடந்தார்கள். ட்ரங். கூறைச்சீலை ஹெங்கர் ஒவ்வொரு அடிக்கும் ஆடிக் கம்பிகளில் விழுந்தது. இளைஞர்களுக்கு உற்சாகம் பிறந்து நடையைக் கூட்டினார்கள். ட்ரங், ட்ரங், ட்ரங். முற்றத்துச் சின்னப் பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா வாயில் வைத்த வெற்றிலையை மெல்ல மறந்தார்.

“அலுமாரிக்குள்ள என்னகா சத்தம்?”

“கறையான்” என்றார் சாமித்தம்பி.

“ரெண்டாம் கம்பி கொஞ்சம் இறங்கிற்று” என்று எல்மோ தன்னை மறந்து சத்தமாகச் சொன்னார். கோசலா திரும்பிப் புருசனைப் பார்த்தாள். விஜிதரன் தென்னை மரத்தைப் பார்த்தான்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். முன்படியில் இறங்கும்போது முன்னால் பிடித்தவன் தாழ்ந்தான். பின்னால் பிடித்தவன் உயர்ந்தான். கிருபைராசா உதவிக்கு ஓடிவந்து பின்பக்கம் கை கொடுத்தான். அந்த நேரம் பார்த்துப் பழைய பூட்டு விட்டது. கதவுகள் இரண்டும் படாரென்று திறந்தன. நடுத்தட்டு வழுக்கி வெளியே வந்து முற்றத்தில் விழுந்தது. அது சாமித்தம்பியின் கரம்போட். அதனோடு வந்த காய்கள் மாப்பிள்ளை வீட்டாரின் கால்களுக்கு இடையில் எல்லாத் திசையிலும் உருண்டன. இளைஞர்கள் பயந்து அலுமாரியைத் தொப்பென்று நிமிர்த்தினார்கள். பின்பலகையின் நடுப்பகுதி வழிவிட்டது. கூறைச்சீலையைப் போர்த்துக்கொண்டு ஒரு கிற்றார் வந்து கிருபைராசாவின் கைகளில் விழுந்தது.

ஒரு காய் மட்டும் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

விஜிதரன் மாமனாரைப் பார்த்தான். மாமனார் மருமகனைப் பார்த்தார். இத்தனை மாதமாக யாரை யார் காப்பாற்றினார்கள் என்ற கேள்வி இருவர் முகத்திலும் ஒரே நேரத்தில் வந்து போனது.

“கறையான்…” என்று இருவரும் ஒன்றாகத் தொடங்கினார்கள்.

கண்ணகை குனிந்து சிவப்புக் காயைப் பொறுக்கினார். சீலைத் தலைப்பில் அதைத் துடைத்துப் புருசன் கையில் கொடுத்தார். இதற்கிடையில் கிருபைராசா கிற்றாரை ஒரு கையில் பிடித்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல், மற்றக் கையின் விரலை மடித்து, திறந்து கிடந்த அலுமாரிக் கதவில் மெல்லத் தட்டினான். அது நன்றாகப் பேசியது. அவன் இன்னொரு முறை தட்டினான்.

கண்ணகை அதைக் கேட்டுக் கிருபைராசா பக்கம் திரும்பினார்.

“அடிப்பலகை என்ட அப்பாட தோணிக்குப் போயிட்டு மருமகன், நடுத்தட்டு உங்கட மாமாட கரம்போட்டுக்கு, பின்பலகை இவர்ர கிற்றாருக்கு, உங்களுக்கு இனி அந்தக் கதவு ரெண்டும்தான் மிச்சம், என்ன செய்யப்போறீங்க எண்டத இப்பவே சொல்லிப்போடுங்க.”